தாய்மாமனை நீக்கிய கருவி

நிவேதா கண்ணுக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "ம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய், இல்லையென்றால் இங்கே நெட்வொர்க் போய்விடும், அதுவும் இல்லையென்றால் உங்கப்பா பின்னாலிருந்து "மாப்பிள்ளை எப்படி இருக்கார்னு கேளு" என்று குறுக்கே வருவார். கல்யாணமாகி நீ பெங்களூர் போனதிலிருந்து நமக்குள் ஒரு பேச்சுகூட முழுசாக முடிந்ததில்லை. கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே இருக்கும். மெதுவாகப் படி.

போன வாரம் பேசும்போது புது டீமில் சேர்ந்ததைச் சொன்னாய். உன் குரல் இறங்கியிருந்தது. "மத்தவங்க எல்லாரும் ஏஜென்ட் பண்றாங்கம்மா. எனக்கு மட்டும் அந்த ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துற ஒவ்வொரு டூலுக்கும் கீழ, இது என்ன செய்யும்னு ரெண்டு வரி எழுதுற வேலை. வெறும் எழுத்து வேலை" என்று சலித்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வெறும் எழுத்து வேலையா? அந்த மாதிரி இரண்டு வரியால் நம் வீட்டில் நடந்ததை நீ இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எனக்குப் பட்டதை, எனக்குப் பட்ட விதத்தில், ஒரு தடவை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாராட்டிவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உன் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தீவில் கல்யாணம் என்றால் பாதி வேலை கப்பல் வேலை. மெயின்லேண்டிலிருந்து யார் கப்பலில் வருகிறார்கள், யார் விமானத்தில் வருகிறார்கள், கப்பல் தள்ளிப்போனால் யாருக்கு முதலில் சொல்வது, மின்னி பே பக்கம் பிடித்திருந்த லாட்ஜில் யாருக்கு எந்த அறை, முட்டிவலிக்காரர்களில் யாருக்குக் கீழ்த்தளம், யாரையும் யாரையும் பக்கத்துப் பக்கத்து அறையில் போட்டால் சண்டை வரும் என்று எல்லாம் என் ஒரு தலைக்குள் கிடந்து உருண்டது. லீவுக்கு வந்திருந்த நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, என் போனில், எழுதியதைப் படித்து வேலையைத் தானே செய்து முடிக்கிற ஓர் ஏஜென்ட்டைப் போட்டுக் கொடுத்தாய். தமிழில் எழுதினால் தமிழில் பதில் சொன்னது. நீ அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. நான்தான் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தேன். "தம்பி, ராமநாதபுரம் சித்தப்பா குடும்பத்துக்கு ரெண்டு ரூம் போடு" என்றால் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று சொல்லும். எதிர்த்துப் பேசாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. இந்த வீட்டில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை.

நான் சுர்மை மீன் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாய். "அதுக்குன்னு சொந்தமா கை கிடையாதும்மா. நான் குடுக்கிற டூல்தான் கை. ரூம் போட ஒரு டூல், மெசேஜ் அனுப்ப ஒண்ணு, பேரைச் சேர்க்க ஒண்ணு, எடுக்க ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் விளக்கம்னு ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கேன். நீ ஒண்ணு கேட்டா, அது அந்த வரியைப் படிச்சுப் பார்த்துத்தான் எந்த டூலை எடுக்கணும்னு முடிவு பண்ணும்." அப்போது நான், "டூலுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியாதும்மா, வெளிய எழுதியிருக்கிறதுதான் அதுக்குத் தெரியும்" என்றாய். "அப்போ அந்த ரெண்டு வரி சரியா இருக்கணுமே" என்றேன். "அதெல்லாம் இருக்கும்மா" என்று மீன் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

உன்னுடைய "அதெல்லாம் இருக்கும்மா" எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அதில் உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது, அது இந்தக் குடும்பத்துச் சொத்து. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கராச்சர்மாவில் அந்தப் பழைய வரிசை வீட்டில் நாம் இருந்தோமே, நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு வங்காளி தீதிக்கும் நமக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். குக்கரில் சோறு வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு கண்ணு" என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து திறந்தால் அரிசி அரிசியாகவே கிடந்தது. நான் கத்துவதற்குள் நீ, "மூணு விசில் வந்துச்சும்மா, விரல் விட்டு எண்ணினேன்" என்றாய். வந்ததென்னவோ உண்மைதான், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தீதி வந்து "அரே, மேரா குக்கர் தா", அது என் குக்கர் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நம் வீட்டுக் குக்கரின் விசில் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ எழுதிய இரண்டு வரியிலும் அதேதான் நடந்தது.

இப்போது உன் மாமா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அண்ணன் ஒருவர்தான். நான் கல்யாணமாகி உங்கப்பாவோடு கப்பலேறியபோது அவர் பரமக்குடிப் பக்கம் நன்றாகத்தான் இருந்தார். "கடலுக்கு அந்தப் பக்கம் ஒத்தையில கெடக்கியேத்தா" என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார். காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்து, பெரார்கஞ்சில் கொஞ்சம் நிலம் பிடித்து, பாக்கும் தென்னையும் வைத்து, இங்கேயே வேர்விட்டுவிட்டார். எனக்காகத்தான் வந்தேன் என்று இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ்ஸில் நாலைந்து தேங்காயோடு வந்து, உங்கப்பாவோடு உட்கார்ந்து ஏதாவது ஒன்றைப் பற்றிச் சத்தமாக வாதாடிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார். உனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். நீ பெரிய மனுஷியானபோது ஓலை கட்டியதும் அவர்தான். உன்னை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வரப்போவதும் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, உங்கப்பாவின் அக்கா வீட்டிலிருந்து கூடுதலாக ஒரு குடும்பம் கப்பலில் வருவதாகச் செய்தி வந்தது. லாட்ஜில் ஓர் அறை குறைந்தது. பெரார்கஞ்ச் குடும்பத்துக்கும் நீ பேருக்கு ஓர் அறை போட்டு வைத்திருந்தாய். அண்ணனாவது லாட்ஜில் தங்குவதாவது, அவர் நம் வீட்டில்தான் படுப்பார். அதனால் நான் போனை எடுத்து, "தம்பி, பெரார்கஞ்ச் மாமாவுக்கு ரூம் வேண்டாம், எடுத்துடு" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் "செய்துவிட்டேன்" என்று பதில் வந்தது. சமர்த்துப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

அந்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. "மழைல பாக்கு காயவைக்க அல்லாடிட்டு இருப்பார், விடு" என்றார் உங்கப்பா. அடுத்த ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அண்ணனுக்குப் பதிலாக மதினிதான் கூப்பிட்டாள். எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "ஏம்மா, எங்கள வர வேணாம்னு சொல்லணும்னா நேர்ல வந்து சொல்லப்படாதா? போன்ல எழுதி, கடைசில நன்றின்னு வேற போட்டு அனுப்பிருக்கீகளே? அந்த மனுசன் அன்னைலருந்து ஒழுங்கா சோறு திங்கல" என்றாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வந்ததை அப்படியே படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். "தங்கள் பெயர் திருமண விருந்தினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. தங்கள் அன்புக்கு நன்றி." கல்யாணப் பெண்ணின் தாய்மாமனுக்கு, கல்யாண வீட்டிலிருந்து போன செய்தி அது.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் போட்ட சண்டையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "ரூமை எடுன்னு சொல்லியிருக்கணும்மா, நீ ஆளை எடுன்னு சொல்லிட்டே" என்று என்னைச் சொன்னாய். நான் ரூம் என்றுதானே எழுதினேன் என்று போனைத் தூக்கி உன் முகத்துக்கு நேரே காட்டினேன். பிறகு, ஏஜென்ட்டுக்கு மூளையாக இருக்கிற மாடல் சரியில்லை, தப்பான டூலை எடுத்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாய். நீ எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தாய். கடைசியில், "அது மேல தப்பில்லம்மா. நான் எழுதினதை மட்டும் படிச்சா, நானும் இதைத்தான் எடுத்திருப்பேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. உன் வயதில் எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது.

நீ காட்டிய பிறகுதான் எனக்கும் புரிந்தது. அறைக்கான கருவிக்குக் கீழே "விருந்தினருக்கு அறை ஒதுக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தாய். ஒதுக்கிய அறையைத் திரும்ப எடுக்கவும் அதே கருவிதான் என்று எழுதவில்லை. இன்னொன்றுக்குக் கீழே "விருந்தினரைப் பட்டியலிலிருந்து நீக்கும்" என்று இருந்தது. எடுத்துவிடு என்று நான் சொன்னதும், எடுப்பது போலத் தெரிந்த ஒரே கருவியைத் தம்பி எடுத்துவிட்டான். அதாவது போகட்டும். நீக்கியதும் அந்த ஆளுக்கு ஒரு செய்தி தானாகவே போகும் என்று கருவிக்கு உள்ளே நீ ஏற்பாடு செய்து வைத்திருந்தாய். வர முடியாது என்று அவர்களே சொன்னவர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி ஒரு செய்தி போகும் என்று வெளியே ஓர் எழுத்துகூட இல்லை. தெரிந்திருந்தால் அவனாவது ஒரு தடவை என்னைக் கேட்டிருப்பான்.

உங்கப்பா தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நீயும் நானும் பஸ் பிடித்துப் பெரார்கஞ்ச் போனோம். வழியெல்லாம் மழை. நீ லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்திருந்தாய். அண்ணன் கொட்டகையில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்று சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "டீ போடு, ஆளு வந்துருக்காக" என்று மட்டும் சொன்னார். நாம் அவருக்கு வெறும் ஆளாகிவிட்டோம். நான் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டேன். நீதான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாய்.

"மாமா, அது நாங்க அனுப்பினது இல்ல. மெஷின் அனுப்பினது."

"தெரியும் ஆத்தா. ஒங்கம்மாவுக்குத்தான் புதுசா ஒரு தம்பி கெடைச்சிருக்கானே. அண்ணன் எதுக்கு இனிமே?"

"அய்யோ மாமா, நான் எழுதி வெச்சதுல தப்பு. இங்க பாருங்க, காட்டுறேன்."

நானும் படித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா விளக்கத்தையும் நீ தமிழில் எழுதியிருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். அறைக் கருவியைப் படித்தார், நீக்கும் கருவியைப் படித்தார். "மத்லப், அதாவது, ரூமை எடுக்கப் போயி ஆள எடுத்துருச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் அவர், "சரி, இதுல நான் எங்க இருக்கேன்? எம்பேரக் காட்டு" என்றார். நீக்குவதற்கு முன்னால் இருந்த பட்டியலை நீ காட்டினாய். மேலே "விருந்தினர்" என்று தலைப்பு. அதற்குக் கீழே ராமநாதபுரம் சித்தப்பாவுக்கும் உங்கப்பா ஆபீஸ் சிநேகிதர்களுக்கும் நடுவில் அவர் பெயர், ஊர் பெரார்கஞ்ச். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர வேணாம்னு மெஷினு சொன்னது கெடக்கட்டும். என்னய விருந்தாளின்னு எழுதுனதும் மெஷினா ஆத்தா?"

அந்தப் பட்டியலை நீ எழுதினாய், நான் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்துச் சரி என்றேன். ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. தாய்மாமன் வருகிறவர் இல்லை, வருகிறவர்களை வாசலில் நின்று வாங்க என்று சொல்கிறவர். அது நம்மில் யாருக்குத் தெரியாது? ரொம்பத் தெரிந்துபோனதால்தான் எழுதாமல் விட்டுவிட்டோம். நீ அழ ஆரம்பித்தாய். அண்ணன் உன்னைத் தேற்றவில்லை, அதே சமயம் எழுந்து போகவும் இல்லை. மதினி டீயை வைத்துவிட்டு உன் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நீ செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்து விஷயத்தை முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்த ஆரம்பித்தாய். முதலில் "வீட்டார்" என்று ஒரு தலைப்பைப் போட்டு, அதில் முதல் பெயராக மாமாவை எழுதினாய். பிறகு அறைக் கருவிக்கு, இது அறையை ஒதுக்கவும் திரும்ப எடுக்கவும் மட்டும், யாருக்கும் செய்தி போகாது, ஆள் பட்டியலில் அப்படியே இருப்பார் என்று எழுதிப் படித்துக் காட்டினாய். நீக்கும் கருவிக்கு, இதைத் தொட்டால் அந்த ஆளுக்கு உடனே ஒரு செய்தி போகும், போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே அம்மாவிடம் கேட்காமல் எடுக்காதே, அறை வேண்டாம் என்பதற்காக இதை ஒருபோதும் எடுக்காதே, வீட்டார் மேல் இது செல்லாது என்று எழுதினாய். பாக்கை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏத்தா, வர மாட்டேன்னு அவுகளே வாயால சொன்னா?"

"அப்போ நீக்கலாம் மாமா."

"எப்பிடி நீக்குவ? ஒங்கப்பன் பெரியப்பாரு மகன் ஒருத்தன் இருக்கானே, எந்தக் கல்யாணத்துக்கு வாறேன்னு சொல்லிருக்கான்? பத்திரிகைல பேரக் கீழ போட்டாகன்னு வர மாட்டேன்பான். மொத பந்தில பாத்தா அவன்தான் உக்காந்துருப்பான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே நீ சிரித்துவிட்டாய். உடனே, உறவுக்காரர் யாராவது வர மாட்டேன் என்று சொன்னால் அது கோபத்தில் சொன்னதாகவும் இருக்கலாம், உடனே நீக்காதே, அம்மாவுக்குத் தெரியப்படுத்திவிட்டுக் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தாய். உலகத்தில் வேறு எந்த ஏஜென்ட்டுக்கும் அப்படி ஒரு வரி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அது இல்லாமல் முடியாது. கிளம்பும்போது, "கல்யாணத்துக்கு வந்துருவீங்கல்ல மாமா?" என்று கேட்டாய். அண்ணன் வானத்தைப் பார்த்து, "பாப்பம், மழை விடட்டும்" என்றார். பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தீவில் எனக்கென்று இருக்கும் ஒரே பிறந்த வீடு என் கையைவிட்டுப் போய்விட்டதோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் புது வேலைக்காகத்தான். நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். என் ஜன்னலுக்கு மேலே டிக்கெட் என்று பெரிதாக ஒரு போர்டு இருந்தது. கைப்பிள்ளைக்காரியும் வயசானவரும் வெயிலில் வரிசையில் நின்று என்னிடம் வந்து சேரும்போது, நோயாளிக்கான டிக்கெட் இங்கே கிடையாது, பின்பக்கம் போங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். "பெஹலே கியூன் நஹி போலா, தீதி?" என்று கேட்பார்கள். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு நாள் பொறுக்காமல், இந்த ஜன்னலில் எது கிடைக்காது, அது எங்கே கிடைக்கும் என்று ஓர் அட்டையில் எழுதி போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதன் பிறகுதான் வரிசையில் சண்டை குறைந்தது. உன் கருவிகளுக்கும் அதையே செய். இது என்ன செய்யும் என்று எழுதுவதோடு நிறுத்தாதே. எது செய்யாது, எப்போது எடுக்கக் கூடாது, எடுத்தால் வேறு யாரைத் தொடும், தொட்டால் திரும்பப் பெற முடியுமா என்பதையும் எழுது. எழுதியதை, அந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டு. அவர் குறுக்கே கேட்கிற கேள்விக்கு எரிச்சல் படாதே, முக்கியமாக அவர் உன் புருஷனாக இருந்தால்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது வேலைக்கு மட்டும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். இதுகூட உனக்குத் தெரியாதா என்ற பேச்சு அடிக்கடி வரும், இரண்டு பக்கமும் வரும். உங்கப்பாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் வருகிறது. தெரியாது என்றே வைத்துக்கொண்டு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடு. சொன்னால் கௌரவம் குறைந்துபோகாது. ஒரு ஏஜென்ட்டுக்கு அவ்வளவு பொறுமையாக எழுதுகிறவள், கட்டினவனுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாம்.

கல்யாணத்தன்று நீ பார்க்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அண்ணன் வந்துவிட்டிருந்தார். ஒரு வண்டி நிறையப் பாக்குக் குலையும் இளநீர்க் குலையும் கொண்டுவந்து வாசலில் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. உனக்கு மாலை போட்டு, கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். அதுவரை நீ பார்த்தாய். நீ பார்க்காதது, அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் உங்கப்பாவிடம் சொல்லி, "அங்கிட்டுச் சொல்லிருங்க மாப்ள" என்றார். நான் எதிரே வந்தால் போனை எடுத்துக்கொள்வார். வீட்டாரில் சேர்ந்த பிறகு அவர் போனிலும் நீ தம்பியைப் போட்டுக் கொடுத்திருந்தாய், அதனோடு நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டார். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஏப்பா, கப்பல்ல வந்தவுக எல்லாரும் வந்தாச்சா?", "லாட்ஜுல யாரும் நிக்கிறாகளா, வண்டி அனுப்பணுமா?" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி பேசுவார். அது பதில் சொல்லும், இவர் போய்ப் பார்ப்பார். தாலி ஏறியது, எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், உள்ளுக்குள் அழுதுகொண்டே இருந்தேன். அண்ணன் வந்தது உனக்காகத்தான், என்னை இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பந்தி நடக்கும்போது, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் நின்று தாம்பூலப் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நிற்பது போல் இருந்தது. அண்ணன்தான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. பிறகு ஏதோ தீர்மானித்தவர் மாதிரி வந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தம்பியிடம் அவர் கேட்டிருந்தது மேலே இருந்தது: "எந் தங்கச்சி சாப்டுச்சா?" அதற்குக் கீழே பதில் இருந்தது: "அதைப் பார்த்துச் சொல்ல என்னிடம் கருவி எதுவும் இல்லை. அவரிடமே நேரில் கேளுங்கள்." தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே, யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல் என்று நீ எங்கேயோ ஒரு வரி எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. எப்போது எழுதினாய் என்று எனக்குத் தெரியாது.

"இதுக்குத் தெரியாதாம். ஒன்னையவே கேக்கச் சொல்லுது" என்றார் அண்ணன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சாப்டியாத்தா?"

"இல்லண்ணே" என்றேன். அண்ணன் என் கையிலிருந்த பைகளை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்து, இரண்டு இலை போடச் சொன்னார்.

அம்மா